தீயில்லாமல் கலந்த தங்கமும் வெள்ளியும்

ஆசாரி பட்டறையில் தங்கத்தோடு வெள்ளியைக் கலக்க மூசை வேண்டும், உலை வேண்டும், ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ், தங்கம் உருக 1064. இரண்டும் உருகி ஒன்றாகி, ஆறி, மறுபடி கெட்டியானால்தான் கலப்பு முடிந்தது. ஒரு தங்கக் காசையும் ஒரு வெள்ளிக் காசையும் ஒரே சுருக்குப்பையில் போட்டு வைத்தால் பேரன் காலத்திலும் அது தங்கக் காசு, இது வெள்ளிக் காசுதான்.

2016-இல் சென்னை ஐஐடியின் வேதியியல் துறையிலிருந்து வெளியான ஒரு சோதனையில் உலை கிடையாது. ஒரு குப்பியில் தங்க அணுக்கள் இருபத்தைந்து சேர்ந்த கொத்துகளின் கரைசல், இன்னொன்றில் வெள்ளி அணுக்கள் இருபத்தைந்து சேர்ந்த கொத்துகளின் கரைசல். கரைப்பான் டைகுளோரோமீத்தேன். அறை வெப்பநிலையிலேயே ஒன்றை இன்னொன்றில் ஊற்றினார்கள். சற்று நேரத்தில் தங்கக் கொத்துக்குள் வெள்ளி அணுக்கள், வெள்ளிக் கொத்துக்குள் தங்க அணுக்கள். கொத்தின் வடிவம் குலையவில்லை, மொத்த அணு எண்ணிக்கை மாறவில்லை. உள்ளே இருந்த ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள்.

இந்த வினையைத்தான் இங்கே ஆரம்பத்திலிருந்து பார்க்கப் போகிறேன். உயரிய உலோகக் கொத்துகளின் வேதிவினைத்திறன் பற்றி நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஈனிகளை, அதாவது உலோகத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை, ஒரு கொத்தின் காப்புறை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் காப்புறைதான் வினைக்கு வாசலாகவும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

கொத்து என்றால் என்ன

நானோதுகள் என்றதும் பலர் மனதில் வருவது ஒரு பொடி. அதில் ஒரு துகளில் ஆயிரம் அணு இருக்கும், பக்கத்துத் துகளில் ஆயிரத்து நாற்பது இருக்கும். நாம் பேசும் கொத்து அப்படிப்பட்டதில்லை. இதற்கு வாய்பாடு உண்டு. தங்கம் 25, அதைச் சுற்றி, கந்தகம் வழியாக உலோகத்தைப் பிடிக்கும் தயோலேட் ஈனிகள் 18, மொத்தத்தில் ஒரு எதிர்மின்சுமை. குப்பியில் இருக்கும் எல்லாக் கொத்துகளும் அச்சு அசலாக இதே எண்ணிக்கை. உலோகப் பகுதியின் அகலம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். துகள் என்பதைவிட மூலக்கூறு என்று சொல்வதுதான் பொருத்தம்.

இந்த வாய்பாட்டைக் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆனது. இதே பொருளை 1998-இல் 28 அணுக்கள் கொண்டது என்று கணக்கிட்டார்கள். 2004-இல் 38 என்றார்கள். ஜப்பானில் சுகுடா குழுவினர் 2005-இல் மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலை வைத்து எண்ணிக்கைகளை ஒழுங்குபடுத்தியபோதுதான் 25 என்ற எண் நிலைக்க ஆரம்பித்தது. 2008-இல் அமெரிக்காவின் இரண்டு குழுக்கள், வட கரோலினாவில் ராய்ஸ் மர்ரியின் குழுவும் பிட்ஸ்பர்க்கில் ரோங்சாவோ ஜின்னின் குழுவும், படிகம் வளர்த்து எக்ஸ்-கதிர் மூலம் அமைப்பைக் காட்டின. பேச்சு அதோடு முடிந்தது.

அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், பின்னால் எல்லாம் இதில்தான் வந்து நிற்கப்போகிறது. நட்டநடுவில் ஒரு தங்க அணு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு தங்க அணுக்கள், இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஐகோசஹெட்ரன் வடிவத்தின் பன்னிரண்டு முனைகளில். ஆக உள்கரு 13. மீதிப் பன்னிரண்டு அணுக்கள் வெளியே. அவை இரண்டிரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு சோடியும் மூன்று கந்தக அணுக்களோடு சேர்ந்து ‘ஃ’ எழுத்தின் மூன்று புள்ளிகளை வளைந்த கம்பியால் கோத்தது போன்ற ஒரு கவ்வியாக உள்கருவைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காகிதக் கட்டை ஸ்டேப்பிள் பின் பிடிப்பதுபோல் பிடிப்பதால் துறையில் இதை ஸ்டேப்பிள் என்றே சொல்கிறோம். இப்படி ஆறு ஸ்டேப்பிள்கள். ஒவ்வொரு கந்தகத்திலிருந்தும் ஒரு கரிமச் சங்கிலி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

இதையே வேறு மாதிரியும் பார்க்கலாம். சென்னைக் குழுவில் கணபதி நடராஜன் முன்வைத்த பார்வையில், நடு அணுவைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய மூன்று வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் எட்டு உலோக அணு, ஆறு ஈனி. மூன்று எட்டு இருபத்துநான்கு, நடுவில் ஒன்று, ஆக இருபத்தைந்து. இந்தப் பின்னலின் விசேஷம் என்னவென்றால், ஏதாவது ஒரு வளையத்தை அறுத்தால் மற்ற இரண்டும் தானாகவே பிரிந்துவிடும். பிடிப்பு மூன்றும் சேர்ந்திருப்பதில்தான் இருக்கிறது. எனக்கு இந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும். காரணம், இது கரு, உறை என்ற பிரிவினையையே எடுத்துவிடுகிறது.

அடுத்தது எலக்ட்ரான் கணக்கு. தங்கம் ஆளுக்கொன்றாக 25 எலக்ட்ரான் கொடுக்கிறது. 18 ஈனிகள் ஆளுக்கொன்றைப் பிடித்துவைக்கின்றன. எதிர்மின்சுமைக்காக ஒன்று கூட்டினால் மிச்சம் 8. எட்டு என்பது நிரம்பிய கூடு. மந்த வாயுக்களுக்கு எது நிலைப்பைத் தருகிறதோ அதே சங்கதி இங்கே மொத்தக் கொத்துக்கும் பொருந்துகிறது. அதனால்தான் இது அவ்வளவு திடமானது. குளுட்டதயோனை ஈனியாகக் கொண்ட தங்கம்-25 கொத்தை அளவுக்கு அதிகமான தயோலில் போட்டாலும் மற்ற கொத்துகள்போல் அரிக்கப்படாமல் தாக்குப்பிடிக்கிறது என்று சுகுடா குழு காட்டியிருந்தது.

வெள்ளியில் இதே அமைப்பு கிடைக்காமல் நெடுநாள் இருந்தது. 2015-இல் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் உஸ்மான் பக்ர் குழுவினர் வெள்ளி 25, ஈனி 18 என்ற கொத்தைச் செய்து படிகமாக்கினார்கள். அதே 13, அதே ஆறு ஸ்டேப்பிள், அதே எட்டு எலக்ட்ரான். தங்கத்தின் இரட்டைப் பிறவிபோல ஒரு வெள்ளிக் கொத்து. இது வந்திராவிட்டால் சென்னைச் சோதனை நடந்திருக்காது.

முதலில் நடந்தது வேறொரு சோடி

சென்னை ஐஐடியில் இந்தச் சோதனைகளைச் செய்த பிரதீப் குழுவினர் முதலில் எடுத்தது வெள்ளி-25 இல்லை, வெள்ளி-44. அதுவும் 2013-லேயே படிக அமைப்பு தெரிந்த கொத்து. ஈனிகள் 30, மின்சுமை நான்கு எதிர். அதைத் தங்கம்-25 கரைசலோடு கலந்து எலக்ட்ரோஸ்ப்ரே, மால்டி என்று இரண்டு வகை நிறை நிறமாலைமானிகளிலும் பார்த்தபோது, உலோக அணுக்களும் ஈனிகளும் இரண்டு பக்கமும் பரிமாறிக்கொண்டிருந்தன. கே. ஆர். கிருஷ்ணதாஸ் முதல் ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரை 2016-இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் அச்சானது. அணு எண்ணிக்கை துல்லியமாகத் தெரிந்த இரண்டு காப்புறைக் கொத்துகள் ஒன்றோடொன்று வினைபுரிவதற்கு முதல் உதாரணம் அதுதான்.

அதில் ஒரு எண்ணைக் கவனிக்க வேண்டும். தங்கம்-25 கொத்துக்குள் வெள்ளியைப் புகுத்தும் வேலையை அதற்கு முன்பே நெகிஷி குழு 2010-இல் செய்திருந்தது. தங்க உப்பையும் வெள்ளி உப்பையும் ஆரம்பத்திலேயே சேர்த்து ஒடுக்குவது, அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்குவது, அவர்கள் வழி. அப்படி 11 வெள்ளி அணுக்கள் வரை போக முடிந்தது. இங்கே, தயாராக இருக்கும் இரண்டு கொத்துகளைச் சும்மா கலந்ததிலேயே 20 வரை போயிற்று.

ஏன் இந்தக் குழுவுக்கு இப்படிக் கலந்துபார்க்கத் தோன்றியது என்று நான் யோசித்ததுண்டு. 2003-லேயே இதே ஆய்வகம் வெள்ளி, தங்க நானோதுகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற சேர்மங்களைச் சாதாரண வெப்பத்தில் உடைப்பதைக் காட்டியிருந்தது. குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லி நீக்கும் வடிகட்டிகள் அந்த வழியில் வந்தவை. தங்கமும் வெள்ளியும் சும்மா கிடக்கும் உலோகங்கள் என்ற எண்ணம் அங்கே முன்னமே உடைந்திருக்க வேண்டும்.

சரி, வெள்ளி-44 சோதனையில் ஒரு சிக்கல். இரண்டு கொத்துகளும் அளவில் வேறு, வடிவில் வேறு, மின்சுமையில் வேறு. எது எங்கே போனது என்று பிரித்தறிவது கஷ்டம். வடிவம் வேறாக இருப்பதால்தான் வினை நடக்கிறதோ என்ற சந்தேகமும் எழும். அதனால்தான் அடுத்த சோதனையில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கொத்துகளை எதிரெதிரே வைத்தார்கள்.

89 என்ற படி

இந்தச் சோதனையின் அழகு ஈனித் தேர்வில் இருக்கிறது. தங்கக் கொத்தின் மேல் இருந்தது ஃபீனைல் எத்தேன்தயோல். வெள்ளிக் கொத்தின் மேல் இருந்தது 2,4-டைமெத்தில் பென்சீன்தயோல். அமைப்பு வேறு, ஆனால் இரண்டிலும் எட்டு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஒரு கந்தகம். நிறை ஒன்றேதான். ஈனிகள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாலும் நிறமாலையில் சிகரம் நகராது. நகர்ந்தால் அது உலோகத்தால் மட்டும்தான்.

இப்போது நிறமாலையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். இடது பக்கம் வெள்ளி-25, நிறை சுமார் 5167. வலது பக்கம் தங்கம்-25, சுமார் 7394. ஒரு தங்க அணு 197, ஒரு வெள்ளி அணு சராசரி 108, வித்தியாசம் 89. கலந்ததும் 7394-க்கு இடப்பக்கம் 7305-இல் ஒரு சிகரம் முளைக்கிறது. அதாவது ஒரு தங்கம் வெளியே, ஒரு வெள்ளி உள்ளே. அப்புறம் 7216, அப்புறம் 7127. அந்தப் பக்கம் 5167-க்கு வலப்பக்கம் 5256, 5345 என்று ஏறுகிறது. இரண்டு முனையிலிருந்தும் படி இறங்கியும் ஏறியும் வரும் கூட்டம் நடுவில் சந்திக்கிறது. ஒவ்வொரு படியும் 89. எந்தப் படியிலும் மொத்த உலோகம் 25, ஈனி 18. அதில் மாற்றமே இல்லை.

எவ்வளவு தங்கக் கொத்து, எவ்வளவு வெள்ளிக் கொத்து என்ற விகிதத்தை மாற்றினால் கூட்டம் எந்தப் படியில் போய் நிற்கும் என்பதும் மாறுகிறது. வெள்ளியைக் கூட்டினால் இடது பக்கம், தங்கத்தைக் கூட்டினால் வலது பக்கம். ஒரு தங்கத்திலிருந்து இருபத்துநான்கு தங்கம் வரை எந்தக் கலவையையும் இப்படி அடைய முடிந்தது. ஆசாரி மாற்றுப் பார்த்து வெள்ளி சேர்ப்பது மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு அணுவாக.

வடிவம் ஏன் குலையவில்லை என்பதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. தங்க அணுவும் வெள்ளி அணுவும் ஏறக்குறைய ஒரே பருமன். உலோக ஆரம் இரண்டுக்கும் சுமார் 144 பிக்கோமீட்டர். நிறையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் இடம் அடைப்பதில் வித்தியாசம் இல்லை. ஒருவர் எழுந்த நாற்காலியில் அதே உடல்வாகுள்ள இன்னொருவர் உட்கார்ந்தால் வரிசை கலையாது. எலக்ட்ரான் கணக்கும் அப்படியே. வெள்ளியும் ஒன்றுதான் தரும், தங்கமும் ஒன்றுதான் தரும், எட்டு எட்டாகவே இருக்கும்.

இந்த நிறமாலையில் இன்னொரு சின்னச் சிகரம் உண்டு. என் பார்வையில் முழுக் கட்டுரையின் உயிரும் அதில்தான். கலந்த சில நிமிடங்களுக்குள் எடுத்த அளவீட்டில், சுமார் 6280 என்ற இடத்தில் அது தெரிகிறது. படிக்கட்டுக் கணக்கில் அங்கே எதுவும் இருக்கக் கூடாது. பன்னிரண்டாவது படி 6236, பதின்மூன்றாவது 6325. 6280 இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஐசோடோப்பு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றாக இல்லாமல் அரையாக இருக்கும். கருவி காட்டுவது நிறையை மின்சுமையால் வகுத்த எண், அதனால் அரை இடைவெளி என்றால் மின்சுமை இரண்டு. அப்படியானால் உண்மையான நிறை 12,560-க்குப் பக்கம். 5167-ஐயும் 7394-ஐயும் கூட்டிப்பாருங்கள், அதேதான் வரும்.

அதாவது ஒரு தங்கக் கொத்தும் ஒரு வெள்ளிக் கொத்தும் முழுசாக, எதையும் இழக்காமல், ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டும் எதிர்மின்சுமை உள்ளவை. விலக்கிக்கொள்ள வேண்டியவை. ஆனாலும் ஒட்டியிருக்கின்றன. வினையின் மிக ஆரம்பக் கட்டங்களில் ஒன்றைப் பிடித்துவிட்டதாகக் கட்டுரையாளர்கள் சொன்னது இதை வைத்துத்தான். மூலக்கூறுகளைக் கணினியில் பொருத்திப்பார்க்கும் கணக்கீடும், எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணிக்கும் டி.எஃப்.டி கணக்கீடும் இப்படியொரு சேர்க்கை சாத்தியம் என்றே சொல்லின.

எது தள்ளியது?

அணுக்கள் இடம் மாறின, சரி. ஏன் மாறின?

வேதியியல் படித்த யாருக்கும் முதலில் தோன்றுவது மின்வேதி வரிசை. வெள்ளிக் கம்பியைத் தங்க உப்புக் கரைசலில் விட்டால் தங்கம் படியும், வெள்ளி அயனியாகிக் கரையும். பள்ளிக்கூடப் பாடம். ஆனால் இங்கே ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் அயனி என்ற பிரிவினை இல்லை. இரண்டும் ஒரே மாதிரிக் கொத்து, ஒரே மின்சுமை. போதாததற்கு, 2012-இல் சீனாவின் ஜிகுன் வூ, சின்னத் தங்கக் கொத்துகள் வெள்ளி அயனியையே ஒடுக்குவதைக் காட்டியிருந்தார். வரிசைக்கு நேர் தலைகீழான அந்த வினைக்கு எதிர்-கால்வானிக் ஒடுக்கம் என்று பெயர். இந்த அளவில் பள்ளிப்பாட வரிசையை நம்பி எதையும் சொல்ல முடியாது என்பதற்கு அது போதும்.

இரண்டாவது, பிணைப்பு ஆற்றல். தங்கத்துக்குப் பிடித்த இடம் வேறு, வெள்ளிக்குப் பிடித்த இடம் வேறு. ஆளுக்கு ஆள் பிடித்த இடத்துக்குப் போனால் மொத்த ஆற்றல் குறையும். டி.எஃப்.டி கணக்கும் பரிமாற்றம் ஆற்றல் ரீதியில் சாதகம் என்றே காட்டியது. இது நல்ல விளக்கம், ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் இது மட்டும்தானா என்று எப்படிச் சோதிப்பது?

அதற்கான சோதனை 2019-இல் வந்தது. பப்ரி சக்ரவர்த்தியும் குழுவினரும் செய்தது. என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே உன்னதமான சோதனை இதுதான். தங்கத்தையே விட்டுவிட்டார்கள். வெள்ளியும் வெள்ளியும் மட்டும்.

இயற்கையில் கிடைக்கும் வெள்ளியில் இரண்டு ஐசோடோப்புகள் உண்டு. 107 நிறையுள்ளது சுமார் 52 சதவீதம், 109 சுமார் 48. இரண்டையும் தனித்தனியாகச் சுத்தமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளி-25 கொத்து செய்தார்கள். இருபத்தைந்து அணு, அணுவுக்கு இரண்டு வித்தியாசம், ஆக இரண்டு கொத்துகளுக்கும் நிறையில் 50 வித்தியாசம். வேதியியல் ரீதியில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. அதே பிணைப்பு, அதே பருமன், அதே மின்வேதி. யாருக்கும் பிடித்த இடம் என்று ஒன்று கிடையாது. இடம் மாறினால் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கலந்தார்கள். இரண்டு சிகரங்களும் வேகமாக ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து நடுவில் ஒரே மேடாயின. சாதாரண நீரையும் கனநீரையும் கலந்தால் பாதி ஹைட்ரஜன் பாதி டியூட்டீரியம் கொண்ட நீர் உருவாகுமே, அதற்கு ஒப்பாக இதைக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். உலோகத் துண்டு என்று நாம் நினைத்த ஒன்று தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது.

தள்ளியது என்ட்ரோபி, அதாவது கலந்து பரவும் இயல்பு, மட்டும்தான். அது எவ்வளவு வலுவான தள்ளல் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபத்தைந்து காசுகளைச் சுண்டுங்கள். பூ விழுந்தால் 107, தலை விழுந்தால் 109. இருபத்தைந்தும் பூவாக விழ வாய்ப்பு 3,35,54,432-இல் ஒன்று. பன்னிரண்டோ பதின்மூன்றோ பூ விழ வாய்ப்பு நூற்றுக்கு 31. சுத்தமான கொத்து என்பது முதல் வகை அதிர்ஷ்டம். பரிமாற வழி இருந்துவிட்டால் அதில் நீடித்திருக்க முடியாது. அறை வெப்பநிலையில் ஒரு மோல் கொத்துக்கு இந்தக் கலப்பின் பங்கு சுமார் 40 கிலோஜூல் வருகிறது. சின்னத் தொகை இல்லை.

இன்னொரு சங்கதியும் இதில் தீர்ந்துபோகிறது. நடுக்கரு அசையாமல் வெளி ஸ்டேப்பிள்களில் இருக்கும் பன்னிரண்டு அணுக்கள் மட்டும் மாறின என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிறமாலையில் கடைசியில் இரண்டு மேடு நிற்க வேண்டும். 107 கருவுள்ள கொத்துகளில் சராசரி 19 அணுக்கள் 107, மற்றதில் சராசரி 6. இரண்டும் நடுவில் சந்திக்கவே முடியாது. ஒரே மேடாக வந்து நின்றது என்றால், கருவில் இருந்த அணுக்களும் வெளியே வந்து போயிருக்கின்றன. எட்டு எலக்ட்ரான், நிரம்பிய கூடு, இருபது முகக் கோட்டை என்று நாம் பேசிய அந்தக் கரு உட்பட. இத்தனையும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை, வெவ்வேறு கால அளவுகளில் நடக்கிறது என்பதும் அந்தக் கட்டுரையின் முடிவு.

பன்னிரண்டில் நின்ற கதை

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாமே தாறுமாறாகக் கலந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2017-இல் வந்த ஒரு சோதனை அதற்கு நல்ல மாற்று.

வெள்ளி-44-க்கே திரும்பினார்கள். அதன் அமைப்பு அடுக்கடுக்கானது. உள்ளே வெறும் கூடாக, நடு அணு இல்லாமல், பன்னிரண்டு அணுக்களின் ஐகோசஹெட்ரன். அதைச் சுற்றி இருபது அணுக்களின் டோடெகாஹெட்ரன். அதற்கும் வெளியே ஆறு தாங்கிகள், தாங்கிக்கு இரண்டு அணு வீதம் பன்னிரண்டு. ஆக மொத்தம் 44. எலக்ட்ரான் கணக்கு 44-இல் 30 கழித்து 4 கூட்ட 18. அதுவும் நிரம்பிய கூடு.

தங்கம்-25 கொத்தோடு கலந்தபோது தங்க அணுக்கள் இதற்குள் ஏறின. எத்தனை வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் சரியாகப் பன்னிரண்டு தங்கம், முப்பத்திரண்டு வெள்ளி என்ற கொத்து மட்டும் மற்றவற்றைவிடத் தூக்கலாக வந்தது. ஒளி உறிஞ்சல் நிறமாலையும் கணக்கீடும் சொன்ன காரணம்: அந்தப் பன்னிரண்டும் மிக உள்ளே இருக்கும் ஐகோசஹெட்ரனை முழுசாக நிரப்பிவிட்டன. அதற்கு மேலும் தங்கம் ஏறுகிறது, நடு அடுக்குக்கும் தாங்கிகளுக்கும் போகிறது. ஆனால் அங்கே அடுக்கு பாதி நிரம்பி நிற்பதால் அந்தக் கொத்துகளுக்கு அவ்வளவு நிலைப்பு இல்லை.

இதில் எனக்கு வியப்பான விஷயம் பாதை. தங்கம் வெளியிலிருந்துதான் வருகிறது. முதலில் தொட வேண்டியது தாங்கிகளை. ஆனால் போய் உட்காருவது மிக உள்ளே. வாசல் வழியாக வந்த விருந்தாளி திண்ணையில் நிற்காமல் நேரே நடுக்கூடத்துக்குப் போய்விட்ட மாதிரி. அங்கே உட்கார்ந்தவர் அதே இடத்தில் நிலைக்கிறார். இதே பன்னிரண்டு-முப்பத்திரண்டு கொத்தை ஜெங் நான்ஃபெங் குழு 2013-லேயே வேறு வழியில் செய்து படிகமாக்கியிருந்தது. இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து முடிவது அந்த அமைப்பின் மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது.

வழி எது

அணு எப்படி ஒரு கொத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டுகிறது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, இரண்டு கொத்துகளும் நேரே மோதி ஒட்டிக்கொண்டு பரிமாறுகின்றன. மற்றொன்று, ஒரு உலோக அணுவும் ஒரு ஈனியும் சேர்ந்த சின்னத் துணுக்கு ஒரு கொத்திலிருந்து கழன்று கரைசலில் மிதந்து போய் அடுத்ததில் சேர்கிறது.

6280 சிகரம் முதல் கட்சிக்கு வலு. ஒட்டிக்கொண்ட நிலையில் ஒரு கொத்தின் கந்தகம் அடுத்த கொத்தின் உலோக அணுவைத் தொட இடம் உண்டு. ஈனிகள் காடுபோல் மூடியிருந்தாலும், பதினெட்டுதான். நடுநடுவே இடுக்கு இருக்கிறது. அங்கே ஒரு ஸ்டேப்பிளின் பிணைப்பு தளர்ந்தால், அந்த மூன்று வளையப் பின்னலில் ஒரு வளையம் திறந்த மாதிரி. ஒன்று திறந்தால் மற்ற இரண்டும் நெகிழும். கருவில் இருந்த அணுக்கள்வரை வெளியே வர முடிந்தது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல படம் இல்லை என்பது என் கருத்து.

அதற்காகத் துணுக்கு வழியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஜெனீவாவில் தாமஸ் பூர்கி குழுவினர், தனித் தயோல் எதுவும் சேர்க்காமலேயே தங்கம்-25 கொத்துகளுக்குள் ஈனிகள் பரிமாறுவதையும், தங்கம்-38 கொத்துகளுக்கு நடுவே வெள்ளி அணு இடம்பெயர்வதையும் காட்டியிருக்கிறார்கள். இந்த வகை இடப்பெயர்வுக்கு இரண்டு வழியும் பொருந்தும். ஒட்டல் நிலை ஒரு கொத்துச் சோடியில் தெரிந்ததால் எல்லாச் சோடியிலும் அதுவே வழி என்று எழுதுவது அவசரம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தக் கட்சிக்கும் தகராறு இல்லை. எந்த வழியானாலும் முதல் அசைவு உலோகமும் கந்தகமும் சேரும் அந்த எல்லையில்தான். கரிமச் சங்கிலியின் பருமனும் விறைப்பும் மாறினால் அந்த எல்லையை நெருங்குவது எளிதாகும் அல்லது கடினமாகும், வேகமும் மாறும். ஈனியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எதில் கரையும், எவ்வளவு நாள் தாங்கும் என்று மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

ஆய்வகத்துக்கு வரும்போது

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்லலாம். ஒரே ஒரு அணு மாறினாலே கொத்தின் குணம் மாறுகிறது. வெள்ளி-25-இன் நடு அணுவை மட்டும் தங்கமாக்கிய கொத்தை பக்ர் குழு 2016-இல் செய்தது. அதன் நிலைப்பும் ஒளிர்வும் தாய்க் கொத்தைவிட நன்றாகக் கூடின. இப்படிப்பட்ட கலப்புக் கொத்துகளை வினையூக்கியாகவோ ஒளிர்பொருளாகவோ வேண்டும் என்கிறவர்களுக்கு, ஒவ்வொரு கலவைக்கும் புதுச் செய்முறை தேட வேண்டியதில்லை. தெரிந்த இரண்டு கொத்துகளை அளவாகக் கலந்தால் போதும். இரிடியம் ஒன்பது அணு கொண்ட கொத்தைத் தங்கம்-25 கொத்தோடு கலந்து, இருபத்திரண்டு தங்கமும் மூன்று இரிடியமும் சேர்ந்த கொத்தைச் சென்னைக் குழு 2017-இல் எடுத்ததும் இந்த வழியில்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது தினசரிச் சமாச்சாரம். இரண்டு வகைக் கொத்துகளைக் கலந்து, இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன என்று நம்பி ஒரு வினையூக்கச் சோதனை செய்தால், ஊக்கியது எது என்று சொல்ல முடியாது. காலையில் போட்ட தங்கம்-25 மதியம் குடுவையில் அதே தங்கம்-25 இல்லாமல் போயிருக்கலாம். உறிஞ்சல் நிறமாலை மட்டும் பார்த்தால் இது சட்டென்று கண்ணில் படாது. தங்கம்-25-க்கு 670 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும் பட்டை கொஞ்சம் நகர்ந்து மங்கும், அதைச் செறிவு குறைந்ததாக எடுத்துக்கொண்டுவிட வாய்ப்பு உண்டு. கலந்த உடனே ஒரு நிறை நிறமாலை, சோதனை முடிந்ததும் ஒரு நிறை நிறமாலை என்று இரண்டு எடுத்துவைத்து, 89 இடைவெளியில் படி எதுவும் முளைத்திருக்கிறதா என்று முதலில் அதைப் பார்ப்பது நல்லது.